தறி, தாயம், தலையெழுத்து

வருஷம் 2000. ஓர் அமாவாசை. காஞ்சிபுரத்தில் அமாவாசை என்றால் தறிக்கு லீவு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வாசல் போர்டில் டி.டி.பி., சி, ஜாவா என்று வரிசையாக எழுதியிருக்கும். உள்ளே இருப்பது நாலே நாலு கம்ப்யூட்டர். அதில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டு என் நண்பன் அரை மணி நேரமாக ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

பட்டனின் பெயர் 'ரீரோல்'. ஒரு தட்டு தட்டினால் திரையில் ஆறு நம்பர்கள் வரும். பலம், லாகவம், தேகக்கட்டு, புத்தி, விவேகம், வசீகரம். இவனுக்கு பலம் பதினெட்டு வந்தாக வேண்டும். பதினேழு வருகிறது. தட்டு. ஒன்பது. தட்டு. பதினெட்டே வந்துவிட்டது, ஆனால் புத்தி ஆறு. வேண்டாம், தட்டு.

சாப்பிடக் கூப்பிட வந்த அவன் அப்பா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா பண்றே?"

"ஆள் செய்யறேம்பா. நம்பர் நல்லா வரலைன்னா திரும்ப உருட்டிக்கலாம்."

"எத்தினி தடவை?"

"எத்தினி தடவை வேணும்னாலும்."

அப்பா நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். அவரும் ஏழு வயசில் கரைக்கு உட்கார்ந்தார், தன் பையனையும் எட்டு வயசில் உட்கார வைத்தார். திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லையே. நமக்கெல்லாம் ஒரு தடவைதாண்டா உருட்டினாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். இப்போது யோசித்தால், கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் ஐம்பது வருஷ சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயத்தை அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்த அத்தியாயத்தைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

அவன் விளையாடிக்கொண்டிருந்தது பால்டர்ஸ் கேட். 1998 டிசம்பரில் வந்தது. ஐந்து சி.டி. ரோல் ப்ளேயிங் கேம் என்கிற ஜாதி. சுருக்கமாக ஆர்.பி.ஜி. தமிழில் சொல்வதென்றால் வேஷம் கட்டும் விளையாட்டு. அந்த நாளில் நம் ஊர் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஓடியவை டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, ரோட் ராஷ். குதி, ஓடு, உதை, தீர்ந்தது. இது அப்படியில்லை. முதலில் நீ யார் என்று கேட்கும். அப்புறம் ஒவ்வோர் இடத்திலும், இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும். நீ என்ன செய்தாயோ அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மூன்று நாள் கழித்து வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்.

காஞ்சிபுரத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும். அர்ஜுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் நிஜமாகவே அந்த உயரமான கம்பத்தில் ஏறுவார். கீழே ஜனங்கள் பிரசாதத்துக்கு மடியேந்தி நிற்பார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். பீமன் வந்து தொடையில் அடிப்பான். யார் வேஷக்காரர், யார் வேடிக்கை பார்ப்பவர் என்கிற கோடே அழிந்துபோகும். கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருத்தர் உண்டு. வருகிற ராஜாவை நீர் யார், எந்த ஊர் என்று கேட்டு, கிண்டலடித்து, கதையை நகர்த்துபவர். ஆர்.பி.ஜி.யில் கம்ப்யூட்டர்தான் கட்டியங்காரன். வேஷம் நம்முடையது.

ஒரே ஒரு வித்தியாசம். கூத்தில் கிருஷ்ணர் வந்து கர்ணனைப் பாண்டவர் பக்கம் கூப்பிடுவார். கர்ணன் மாட்டேன் என்பான். விடிவதற்குள் செத்துப்போவான். நூறு ராத்திரி நடத்தினாலும் நூறு ராத்திரியும் சாவான். கம்ப்யூட்டரில் மட்டும் "சரி, வருகிறேன்" என்றும் ஒரு வரி இருக்கும். தட்டலாம். தட்டினால் உயிர் பிழைக்கலாம். ஆனால் அப்புறம் துரியோதனன் முகத்தில் எப்படி விழிப்பது? அதையும் அனுபவிக்க வேண்டும்.

இதுதான் நல்ல ஆர்.பி.ஜி.க்கு அடையாளம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மார்க் போடும்போது தேவைப்படும்.

ஆரம்பித்தவர் கம்ப்யூட்டர்காரர் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவருக்கு 1970இல் வேலை போய்விட்டது. செருப்பு ரிப்பேர் செய்து பிழைத்தார். மீதி நேரத்தில் யுத்த விளையாட்டுகள். டேவ் ஆர்னிசன் என்கிற நண்பரோடு சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒன்றை உருவாக்கினார். பலகை கிடையாது. காய் கட்டாயமில்லை. பேப்பர், பென்சில், தாயக்கட்டைகள், நாலு நண்பர்கள், கதை சொல்ல ஒருத்தர். அவ்வளவுதான். பெரிய கம்பெனி வேண்டாம் என்று கைவிரித்துவிட, 1974இல் தானே ஆயிரம் பிரதி அச்சடித்து விற்றார்.

நண்பன் தட்டிக்கொண்டிருந்த அந்த ஆறு நம்பர்கள் இருக்கின்றனவே, அவை அப்போதே வந்துவிட்டன. மூன்று தாயக்கட்டையை உருட்டு. கூட்டினால் மூன்றிலிருந்து பதினெட்டுக்குள் வரும். அதுதான் உன் பலம். இன்னொரு தடவை உருட்டு. அது உன் புத்தி. தலையெழுத்தைத் தாயத்தில் போட்டுப் பார்க்கிற வித்தை!

அடுத்த வருஷமே அது கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்று பாடம் நடத்துவதற்காகவே ஒரு பெரிய கம்ப்யூட்டர் அமைப்பு இருந்தது. அதில் ரஸ்டி ரதர்ஃபோர்டு என்பவர் 1975இல் ஒரு பாதாளக் குகை விளையாட்டை எழுதி 'பெடிட்5' என்று பெயர் வைத்தார். ஏன் இப்படி ஒரு பெயர்? பார்த்தால் ஏதோ பாடம் சம்பந்தப்பட்ட ஃபைல் மாதிரி இருக்க வேண்டுமே, அதற்காக. நிர்வாகிகள் கண்டுபிடித்து அழிப்பார்கள். அது திரும்ப முளைக்கும். திரும்ப அழிப்பார்கள். வாத்தியாருக்குத் தெரியாமல் விளையாடுவது நம் பிரவுசிங் சென்டர் பையன்கள் கண்டுபிடித்த கலை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அப்புறம் வந்தார் ரிச்சர்ட் கேரியட். அப்பா ஓவன் கேரியட், 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் ஐம்பத்தொன்பது நாள் தங்கியவர். பிள்ளை டெக்சாஸில் ஹைஸ்கூலில் உட்கார்ந்து டி அண்ட் டி 1, டி அண்ட் டி 2 என்று நம்பர் போட்டு விளையாட்டு எழுதிக்கொண்டே போனார். இருபத்தெட்டாவதை ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அகலபெத் என்று பெயர் சூட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, பகுதி நேர வேலை பார்த்த கடையிலேயே தொங்கவிட்டார். ஒரு கம்பெனி கண்ணில் பட்டது. முப்பதாயிரம் பிரதி. பிரதிக்கு ஐந்து டாலர். மாணவனாக இருக்கும்போதே ஒன்றரை லட்சம் டாலர்! 1981இல் அல்டிமா என்கிற வரிசையை ஆரம்பித்தார்.

அதே 1981இல் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆசாமிகள் ஆண்ட்ரூ க்ரீன்பர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் விசார்ட்ரியைக் கொண்டுவந்தார்கள். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு பாதாளத்தில் இறங்க வேண்டும். கொடூரமான விளையாட்டு. ஆள் செத்தால் கோயிலுக்குத் தூக்கிப்போய்ப் பணம் கட்டி உயிர்ப்பிக்கலாம். சரியாக நடக்காவிட்டால் சாம்பலாகிவிடுவான். சாம்பலுக்கும் ஒரு முயற்சி உண்டு. அதுவும் தோற்றால் போயே போய்விட்டான். மாதக்கணக்கில் வளர்த்த ஆள். சாவு ஃப்ளாப்பியில் பதிவாவதற்குள் அதைப் பிடுங்கி எறிந்து உயிரைக் காப்பாற்றியவர்கள் உண்டு. எமனிடமிருந்து உயிரைப் பிடுங்கிய சாவித்திரி மாதிரி.

விசார்ட்ரியும் அல்டிமாவும் ஜப்பானுக்குப் போய் 1986இல் டிராகன் க்வெஸ்ட்டுக்கு விதை போட்டன. அது தனி சாம்ராஜ்யம். இன்னொரு நாள் பார்க்கலாம்.

நமக்கு வேண்டியது 1985. அல்டிமா நாலாம் பாகம். முந்தைய பாகங்களில் ஜனங்கள் எப்படி விளையாடுகிறார்கள் என்று கேரியட்டுக்குத் தெரியவந்தபோது ஆடிப்போனார். ஹீரோ வேஷம் கட்டிக்கொண்டு கடைகளில் திருடுகிறார்கள். ஊரில் உள்ள அப்பாவிகளைக் கொன்று பணம் பறிக்கிறார்கள். கடைசியில் வில்லனைக் கொன்றுவிட்டு மாலை போட்டுக்கொள்கிறார்கள். இது என்ன நியாயம்?

எனவே வில்லனே இல்லாத ஒரு விளையாட்டை எழுதினார். நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு. இந்த எட்டிலும் தேற வேண்டும். மூலிகைக் கடையில் ஒரு கண் தெரியாத அம்மா உட்கார்ந்திருப்பார். விலையைச் சொல்லுவார். காசை நீங்களே எண்ணி வைக்க வேண்டும். ஒரு காசு வைத்துவிட்டும் நடையைக் கட்டலாம். அந்த அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் விளையாட்டு பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் நேர்மைக் கணக்கு சத்தமில்லாமல் இறங்கும். ரொம்ப நாள் கழித்து ஒரு வாசல் திறக்காது. ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

எட்டிலும் தேறியவனுக்கு என்ன பட்டம் தெரியுமா? அவதார். ஆம், நம்ம அவதாரம்தான். இந்து சமயத்திலிருந்துதான் அந்தச் சொல்லை எடுத்தார். உலகளந்த பெருமாள் ஓங்கி நிற்கிற காஞ்சிபுரத்தில், ஒரு பையன் கம்ப்யூட்டர் திரையில் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு, "டேய், இது நம்ம வார்த்தைடா" என்று கத்தினான் என்றால், அது டெக்சாஸ் போய்த் திரும்பி வந்த வார்த்தை.

திரும்பி வந்தது வார்த்தை மட்டுமில்லை. கம்ப்யூட்டரே ஒருவகையில் தறிக்குச் சொந்தம்தான். பிரான்ஸில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு, 1804 வாக்கில் துளை போட்ட அட்டைகளால் தறியை இயக்கிக் காட்டினார். துளை இருந்தால் இழை மேலே. இல்லாவிட்டால் அப்படியே. ஆமாம், இல்லை. ஒன்று, பூஜ்யம். அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு யந்திரத்துக்கு அட்டை வைக்கத் திட்டமிட்டார். ஹெர்மன் ஹாலரித் 1890இல் அமெரிக்க ஜனத்தொகையை அட்டையால் எண்ணினார். அவர் கம்பெனி மற்ற கம்பெனிகளோடு சேர்ந்து பிற்பாடு ஐ.பி.எம். ஆனது. காஞ்சிபுரத்தில் முன்பு அடை என்கிற முறையில் நூலை இழுத்து டிசைன் போட்டார்கள். பிறகு ஜக்கார்டு பெட்டி வந்து தறியின் தலைமேல் உட்கார்ந்துகொண்டது. என் நண்பன் கம்ப்யூட்டரைத் தொடுவதற்குப் பத்து வருஷம் முன்பே அதன் கொள்ளுத்தாத்தாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான்.

எதற்காக உட்கார்ந்திருந்தான்? கோர்வைச் சேலைக்காக. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடு இழையில் கோக்க வேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் ஒருத்தரால் முடியாது. பக்கத்தில் ஒரு துணை வேண்டும். அந்தத் துணை பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி. சொந்த வீட்டுத் தறியென்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்காரலாம். முன்பணம் வாங்கிவிட்டு அடுத்தவர் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கடன் அடைகிற வரை தறிதான். பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கல்யாணப் புடவையின் அழகுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு ஓடியது.

அப்பா சொன்னது இதைத்தான். ஒரு தடவைதான் உருட்டினார்கள். விழுந்தது நெசவு.

இந்த ஊரில் 1909இல் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை 1967இல் முதலமைச்சர் ஆனார் என்பது உண்மை. ஆனால் எல்லா வீட்டிலும் ஓர் அண்ணா பிறப்பதில்லையே.

சரி, மார்க் போடும் நேரம். எது பெஸ்ட்?

முதலில் டயாப்ளோவைக் கழித்துவிடுகிறேன். ரசிகர்கள் அடிக்க வராதீர்கள். 1996இன் கடைசியில் வந்த அற்புதமான விளையாட்டுதான். ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. ஆனால் கேள்வியே கேட்காது. மௌஸ் தேய்கிற வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேஷம் இருக்கிறது, வசனம் இல்லை.

மூன்றாம் இடம் அல்டிமா நாலுக்கு. கண் தெரியாத அந்த மூலிகை அம்மாவுக்காகவே.

இரண்டாம் இடம் ஃபால்அவுட், 1997. அணு யுத்தத்துக்குப் பிறகு பூமிக்கடியில் ஒளிந்து வாழும் ஜனம். தண்ணீர் சுத்தம் செய்யும் யந்திரத்தின் சில்லு கெட்டுவிடுகிறது. வெளியே போய் நூற்றைம்பது நாளுக்குள் புதுசு கொண்டுவர வேண்டும். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பையனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியிருக்கவில்லை! கடைசி எதிரியைச் சுடாமலே ஜெயிக்கலாம். நீ உருவாக்கும் புது இனத்துக்குக் குழந்தையே பிறக்காது என்று ஆதாரத்தோடு பேசிப் புரியவைத்தால் போதும், அவனே முடித்துக்கொள்வான். ஊரைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பினால், "நீ வெளியே போய் மாறிவிட்டாய், உள்ளே வராதே" என்று அனுப்பிவிடுவார்கள். படித்து வெளியூர் போய்த் திரும்பிய யாருக்கும் இந்தக் காட்சி கொஞ்சம் குத்தும்.

முதலிடம்? பிளேன்ஸ்கேப் டார்மென்ட், 1999. ஒருத்தன் பிண அறையில் கண் விழிக்கிறான். பெயர் தெரியாது. சாவு வராது. எத்தனையோ தடவை செத்துச் செத்து எழுந்தவன். ஒவ்வொரு தடவையும் ஞாபகம் அழிந்துவிடுகிறது. முந்தைய பிறவிகளில் யாரையெல்லாம் ஏமாற்றினானோ, யாரெல்லாம் இவனை நம்பிக் கெட்டார்களோ, எல்லோரும் வழியெல்லாம் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் முன்வினை, மறுபிறவி என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது ஏதோ திண்ணையில் கேட்ட கதை மாதிரியே இருக்கும். சுமார் எட்டு லட்சம் வார்த்தைகள். சண்டை சுமார்தான். ஒப்புக்கொள்கிறேன். கதையோ மனுஷன் மாற முடியுமா என்கிற ஒரே கேள்வியைத்தான் விடாமல் துரத்துகிறது. பல இடங்களில் வாளை எடுக்காமல் வாயாலேயே தப்பிக்கலாம். அதற்கு பலம் பதினெட்டு தேவையில்லை. புத்தியும் விவேகமும்தான் வேண்டும்.

எட்டு லட்சம் வார்த்தையும் இங்கிலீஷ். இவன் தமிழ் மீடியம். மேஜையில் மௌஸுக்குப் பக்கத்தில் லிஃப்கோ டிக்‌ஷனரி இருக்கும். ஒரு பேய் பேசி முடிப்பதற்குள் நாலு தடவை புரட்டுவான். சென்டர்காரர் மணிக்கு முப்பது ரூபாய் வாங்குவார், இவன் புரட்டுகிற நேரத்தைக் கழித்துக்கொள்ள மாட்டார். கரண்ட் போய், சேவ் பண்ணாத மூன்று மணி நேரம் காற்றோடு போன நாளில் இவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அப்படிப் படித்த இங்கிலீஷ்தான் பிறகு இன்டர்வியூவில் கைகொடுத்தது என்று இன்றும் சொல்லுவான்.

அந்தப் பொற்காலம் சீக்கிரமே முடிந்தது. டார்மென்ட்டைச் செய்த பிளாக் ஐல் ஸ்டுடியோவை 2003 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இனி யார் இவ்வளவு படிப்பார்கள் என்று வியாபாரிகள் முடிவு கட்டினார்கள். தப்புக் கணக்கு. பழைய ரசிகர்கள் வளர்ந்து வேலைக்குப் போய்க் கையில் காசோடு காத்திருந்தார்கள். 2012இல் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்று பழைய பாணியில் ஒன்று செய்கிறோம், முன்கூட்டியே பணம் தருவீர்களா என்று கேட்டதும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொட்டினார்கள். ஏறக்குறைய நாற்பது லட்சம் டாலர். 2023இல் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகம் வந்து அந்த வருஷத்து விருதுகளையெல்லாம் அள்ளியது. அதே வருஷம் கனடாவிலிருந்து வெண்பா என்று ஒரு குட்டி விளையாட்டு. ஆர்.பி.ஜி. இல்லை. ஆனால் அதில் நாம் கட்டும் வேஷம், இட்லி சுடும் ஒரு தமிழ் அம்மா. நம் ஆட்கள் கதை கேட்பதோடு நிற்கவில்லை, சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

என் நண்பன் என்ன ஆனான்? தறியை விட்டான், பட்டை விடவில்லை. கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறான். ஒவ்வொரு கட்டமாக நிரப்பி யாளியும் மயிலும் வரைந்து ஜக்கார்டுக்கு அனுப்புகிறான். விளையாட்டு மொழியில் சொன்னால், நெசவாளி பாதி, மந்திரவாதி பாதி. அப்பா இப்போது இல்லை. அவர் தறி இருந்த குழியை மூடி சிமென்ட் பூசிவிட்டார்கள்.

போன மாதம் அமாவாசையன்று போயிருந்தேன். அன்றைக்கு ஐந்து சி.டி.யில் வந்த பால்டர்ஸ் கேட் இன்றைக்கு போனிலேயே ஓடுகிறது. ப்ளஸ் டூ படிக்கும் அவன் பெண் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு நம்பர்கள். அதே பட்டன்.

"அப்பா, இதுவே பரவாயில்லையா? இதோட ஆரம்பிச்சிடவா?"

இவன் எட்டிப் பார்த்தான். பலம் பதினொன்று. புத்தி பதிமூன்று. மோசமில்லை.

"அவசரமில்லம்மா," என்றான். "புடிக்கிற வரைக்கும் உருட்டு."